பத்திரமா வச்ச லென்ஸ்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நம் ஆலயத்தில் படம் எடுக்கும் தொண்டர்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதுகிறோம். இதில் ஒரு மன்னிப்பு இருக்கு. வீட்டில் கேமரா, பழைய ஆல்பம், நெகட்டிவ் வச்சிருக்கிறவங்களுக்கு உதவும் விஷயமும் இருக்கு. நேரம் கிடைக்கும்போது முழுசா படிங்க.

தைப்பூசத்தன்று இரவு ரதம் ஆலயத்துக்குத் திரும்பிய நேரத்தில் எடுத்த படம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ரதத்தின் நடுவே முருகன். அவரைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம். பின்னால் இருந்த விளக்குகள் எல்லாம் பனியில் கரைந்த மாதிரி. முகநூலில் போட்ட அன்றே நிறைய பேர் பகிர்ந்தீர்கள். "தெய்வீக ஒளி", "மெய்சிலிர்க்குது", "முருகன் நேரில் வந்துட்டார்" என்றெல்லாம் எழுதினீர்கள். புலனக் குழுக்களில் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்களுக்கே யாரோ "தைப்பிங் பக்கம் ஒரு கோயிலில் நடந்த அதிசயம்" என்று அனுப்பி வைத்தார்கள்.

உண்மையைச் சொல்லிடுறோம். அது அதிசயம் இல்லை. லென்ஸுக்குள் வளர்ந்திருந்த பூஞ்சை.

படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த அன்றிரவே எங்களுக்குச் சந்தேகம் வந்தது. பால்குடப் படங்கள் பகலில் எடுத்தவை, பெரிய குறை தெரியல. இரவுப் படங்கள் மட்டும் எல்லாமே மங்கல். கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் ஒரு மூட்டம். முதலில் சாம்பிராணிப் புகை என்றோம். அப்புறம் மழைச் சாரல் என்றோம். ஒருத்தர் டார்ச் லைட்டை எடுத்து லென்ஸின் பின்பக்கத்தில் அடித்துப் பார்த்த பிறகு யாரும் எதுவும் பேசல. உள்ளே சிலந்தி வலை பின்னிய மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள், ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நோக்கிக் கிளை விட்டிருந்தன.

சொல்லலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம். "ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, எதுக்கு கெடுக்கணும்" என்றார் ஒருத்தர். கடைசியில் குருக்களிடம் போய் நின்றோம். அவர் படத்தைக் கைப்பேசியில் வாங்கிப் பார்த்தார், சிரித்தார். "அவனுக்கு ஒளி கடன் கொடுக்க நாம யாருப்பா? இருக்கறத சொல்லிடுங்க" என்றார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்த லென்ஸ் எங்களுடையது இல்லை. நம் படக்கார அண்ணனுடையது.

பழைய பக்தர்களுக்கு அவரைத் தெரியும். ஃபிலிம் காலத்திலிருந்து நம் ஆலயத்தின் திருவிழா, திருக்கல்யாணம், கந்த சஷ்டி எல்லாம் அவர் கண் வழியாகத்தான் நமக்குப் படமாக வந்தது. ஒரு சென் வாங்கினது கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தவறியபோது, காரியம் முடிந்த கையோடு அண்ணி அவருடைய கேமராவையும் இரண்டு லென்ஸையும் உபயமாக ஆலயத்துக்குக் கொடுத்தார். ஒன்று 50 மிமீ. இன்னொன்று 80-200 மிமீ, கனமான பெரிய லென்ஸ். சன்னதிக்கு வெளியே நின்றபடியே உள்ளே அலங்காரத்தை எடுக்க அவர் பயன்படுத்தியது அதுதான்.

நாங்கள் அதை எப்படி வைத்திருந்தோம் என்று சொன்னால் சிரிப்பீங்க, அப்புறம் கோபப்படுவீங்க. பயபக்தியோடு வைத்திருந்தோம். சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றினோம். அதை அண்ணனின் பழைய தோல் பையில் வைத்தோம். பையை மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம் இரும்பு அலமாரியில் பூட்டினோம். வேறு யார் கையும் படக்கூடாது என்று சாவியை ஒருத்தரே வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தீபம் காட்டி, மறுபடி பூட்டினோம். தைப்பூசத்துக்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாள் எங்கள் சொந்தக் கேமராவிலேயே எடுத்துக்கொண்டோம். அண்ணன் பொருள் ஆச்சே, தேயக்கூடாது என்று.

பூஞ்சைக்கு என்னென்ன வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஈரக் காற்று வேண்டும்: 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் சில நாள் தொடர்ந்து இருந்தால் போதும், விதைத்தூள் முளைத்துவிடும். இருட்டு வேண்டும். அசையாத காற்று வேண்டும். 10 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பம் வேண்டும், அது நம் நாட்டில் வருஷம் முழுக்க இருக்கு. சாப்பாடு வேண்டும்: அது கண்ணாடியைத் தின்று வளர்வதில்லை, கண்ணாடி மேல் இருக்கும் விரல் எண்ணெய், தூசி, துணி நூல், தோல் பையின் பிசுக்கு இதைத் தின்கிறது. இந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட நாங்கள் விட்டு வைக்கல. பட்டுத்துணி கொடுத்தோம், தோல் பை கொடுத்தோம், சந்தனம் வைத்த விரலின் எண்ணெய் கொடுத்தோம், இருட்டு கொடுத்தோம். மடப்பள்ளியில் தினமும் பொங்கல் வேகும் ஆவி சுவருக்கு அந்தப் பக்கம்.

அதிலும் நாம் இருப்பது தைப்பிங். தீபகற்ப மலேசியாவில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 2,000 முதல் 2,500 மிமீ மழை என்றால், இங்கே சுமார் 4,000 மிமீ. புக்கிட் லாருட் மலை மேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நம் தலையில் பிழிகிறது. இரவிலும் விடியற்காலையிலும் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். அலமாரியில் வைத்த செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் பூத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. லென்ஸ் மட்டும் பூக்காது என்று எப்படி நினைத்தோம் தெரியல.

லென்ஸில் பூஞ்சை இருந்தால் படத்தில் கறை கறையாகத் தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தெரியாது. உள்ளே இருக்கும் இழை படத்தில் உருவமாக விழுவதில்லை, வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அதனால் பகல் படத்தில் நிறம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். எதிரே விளக்கு இருந்தால் அந்த வெளிச்சம் நாலாபக்கமும் வழிந்து மூட்டம் போடும். முருகனைச் சுற்றி நீங்கள் பார்த்தது ரதத்து விளக்கின் வெளிச்சம், பூஞ்சையில் பட்டுச் சிதறி வழிந்தது.

பார்த்த பிறகாவது ஒழுங்காக நடந்துகொண்டோமா? இல்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் அரிசி மூட்டைக்குள் வை என்றார். அரிசி அப்படி ஒன்றும் ஈரத்தை இழுக்காது, அதன் மாவுத்தூள் பூஞ்சைக்கு இன்னொரு சாப்பாடு. இன்னொருத்தர் கற்பூரம் போடு என்றார், ஆலயத்தில் அதற்கா பஞ்சம்? பாச்சை உருண்டையும் சிலர் போடுவார்கள். இரண்டுமே ஆவியாகி மூடிய டப்பாவுக்குள் கண்ணாடி மேல் படியும், பிளாஸ்டிக் பாகத்துக்கும் நல்லதில்லை. நல்ல வேளை, இதைச் செய்யல.

செய்தது வேறு. "வெயிலில் வை, பூஞ்சை செத்துடும்" என்றார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் செத்த இழை அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், அரித்தது அரித்ததுதான். அதை யோசிக்காமல், எங்களில் ஒருத்தர் ஆலய மொட்டை மாடியில் பட்டுத் துணியை விரித்து, இரண்டு பக்க மூடியையும் கழட்டி, பெரிய லென்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே போனால் புகை வாடை. லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியில் ஒரு ஓட்டை போட்டிருந்தது. பக்கத்திலேயே பந்தல் துணி அடுக்கியிருந்தோம். முருகன் காப்பாற்றினார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீங்க. தீ ஆபத்து ஒரு பக்கம், சூட்டில் லென்ஸ் உள்ளே இருக்கும் மசகு உருகிக் கண்ணாடிக்கு வருவது இன்னொரு பக்கம்.

பிறகுதான் பினாங்குக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பழைய கேமரா பழுதுபார்க்கும் கடை. வயதான சீன அங்கிள். லென்ஸை வாங்கினார், ஓட்டையை முழுசாகத் திறந்தார், பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்தார். பூதக்கண்ணாடியை எங்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: "இது வெளிச்சம் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

50 மிமீ லென்ஸில் பூஞ்சை கடைசிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் மட்டும் இருந்தது. இப்போதுதான் ஆரம்பம். கழட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார், 180 வெள்ளி. பெரிய லென்ஸை அவர் தொடவே இல்லை. அதில் இரண்டு கண்ணாடிகளைப் பசை போட்டு ஒன்றாக ஒட்டியிருக்கும் ஒரு பாகம் இருக்கு, இழை அந்த ஒட்டுக்குள்ளேயே போய்விட்டது. அதைப் பிரித்தால் மறுபடி சரியாகச் சேர்ப்பது லேசில் முடியாது. முன்னால் இருந்த இன்னொரு கண்ணாடியில் பூஞ்சை கக்கிய அமிலம் மேல்பூச்சையே அரித்திருந்தது. துடைத்தால் இழை போகும், தடம் போகாது. "ஒரு வருஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். காசு வாங்கல.

அந்த 180 வெள்ளி ஆலயக் கணக்கில் இல்லை, நாங்கள் ஐந்து பேரும் போட்டுக்கொண்டோம். உண்டியல் பணம் ஒரு சென் இதற்குப் போகல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

இனி அண்ணியிடம் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரும் போனோம். உள்ளே நுழைந்ததும் எங்களுக்குக் கால் நகரல. ஹாலில், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில், அந்த ஒளிவட்டப் படம் பெரிதாக பிரேம் போட்டு மாட்டியிருக்கு. மாலை வேறு. "அவரு லென்ஸ்ல எடுத்ததாமே தம்பி. அவரே வந்து எடுத்த மாதிரி இருக்கு" என்று அண்ணி காப்பி கலக்கப் போனார்.

காப்பி ஆறிப்போகும் வரைக்கும் யாரும் வாய் திறக்கல. கடைசியில் லென்ஸை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். டார்ச் அடித்தும் காட்டினோம். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். அழுவார் என்று பயந்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏன் தம்பி, நீங்க வாரா வாரம் தொடைக்கலையா?"

அப்புறம் அவரே சொன்னார். "அவரு வெள்ளிக்கிழமை கோயில்ல இருந்து வந்து சாப்பிடறதுக்கு முன்னாடி கேமராவதான் தொறப்பாரு. ரப்பர் பந்து மாதிரி ஒண்ணு இருக்கும், அதால புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிப்பாரு. எண்ணெய் கையோட என்னைக் கிட்ட வர விடமாட்டாரு. பைக்குள்ள வச்சு மூடவே மாட்டாரு. டப்பாவுலதான் வைப்பாரு."

எழுந்து போய் அடுப்படி மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுவது, மூடியில் ரப்பர் வளையம். உள்ளே சின்ன வட்டமான ஈரப்பதமானி, துணிப் பையில் சிலிக்கா ஜெல் மணிகள். நீலமாக இருந்திருக்க வேண்டியது, வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. "இது ரோஸ் ஆனா ஓவன்ல வச்சு மறுபடி நீலமாக்குவாரு. கேமராவ குடுத்தப்போ இதையும் குடுத்திருப்பேன், நீங்க யாரும் கேக்கலையே."

கேட்கல. மூன்று வருஷம், எவ்வளவோ முறை அண்ணியை ஆலயத்தில் பார்த்திருக்கிறோம். "அண்ணன் இதை எப்படி வச்சிருந்தார்" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோணல. பூட்டி வைத்தால் பத்திரம் என்று முடிவு கட்டிவிட்டோம். ஆலயத்தில் தினமும் விளக்கு தேய்க்கிற அக்காமார்களுக்கு இது நல்லாத் தெரியும். தினமும் புளி போட்டுத் தேய்க்கிற குத்துவிளக்கு பளபளவென்று நிற்குது. விசேஷத்துக்கு மட்டும் என்று எடுத்து வைத்த விளக்குதான் பச்சை பிடிக்குது.

அண்ணியிடம் கற்றது, பினாங்கு அங்கிள் சொன்னது, நாங்கள் தேடிப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்து, இப்போது ஆலயத்தில் நாங்கள் பின்பற்றும் முறையை எழுதுகிறோம். வீட்டிலும் செய்யலாம்.

முதலாவது, இடம். லென்ஸைத் துணியிலோ தோல் பையிலோ கேமரா பையிலோ நிரந்தரமாக வைக்காதீங்க. பை என்பது தூக்கிட்டுப் போக மட்டும். வைக்க வேண்டியது காற்றுப் புகாத டப்பா, இல்லை என்றால் மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்ட விடாதீங்க. அதற்காக 30-க்குக் கீழேயும் போக வேண்டாம், ரொம்பக் காய்ந்தால் ரப்பருக்கும் மசகுக்கும் ஆகாது. ஈரப்பதமானி இல்லாமல் டப்பா வைப்பது கடிகாரம் இல்லாமல் நல்ல நேரம் பார்ப்பது மாதிரி.

இரண்டாவது, சிலிக்கா ஜெல். போட்டால் மட்டும் போதாது, அது ஈரம் குடித்து நிறைந்ததும் வேலை நின்றுவிடும். நிறம் மாறும் வகையை வாங்குங்க. நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதில் இருக்கும் கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாதது. அதனால் சமைக்கும் சட்டியில் வறுக்காதீங்க, குழந்தைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீங்க. நாங்கள் இப்போது வாங்கியது ஆரஞ்சு வகை, ஈரம் குடித்தால் கரும்பச்சை ஆகும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, ஓவனில் 110 முதல் 120 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் போல வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். ஆறிய பிறகுதான் டப்பாவில் போடணும்.

மூன்றாவது, ஆலயத்தில் படம் எடுத்த அன்றே துடைப்பது. இது நமக்கு ரொம்ப முக்கியம். அபிஷேகத்தில் பால், இளநீர், பஞ்சாமிர்தம் எல்லாம் தெறிக்கும். சர்க்கரையும் கொழுப்பும் பூஞ்சைக்கு விருந்து. விபூதி காற்றில் பறந்து கண்ணாடியில் உட்காரும். அதைத் துணியால் தேய்த்தால் மேல்பூச்சில் கீறல் விழும். அதனால் முதலில் ரப்பர் ஊதியால் காற்றடித்துத் தூசியைப் போக்குங்க. வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். அப்புறம் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால், தேவைப்பட்டால் லென்ஸ் திரவம் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைங்க. வேட்டி நுனி, முந்தானை, துண்டு எதுவும் வேண்டாம். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமத்தை டப்பாவின் மேல் வையுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டார்.

நான்காவது, ஏர்கோன். ஏர்கோன் காரிலிருந்து இறங்கி நேராகப் பந்தலுக்கு வந்து கேமராவைத் திறந்தால், குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். உள்ளேயும் கோக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது வைத்து, வெளி வெப்பத்துக்கு வந்ததும் எடுங்க. முன்கூட்டியே ஜிப் லாக் பையில் போட்டு மூடினால் இன்னும் நல்லது. மழையில் நனைந்தால், வெளிப்புறத்தைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் காய விட்ட பிறகுதான் டப்பாவுக்குள் போகணும்.

ஐந்தாவது, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்க. வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, வளையங்களைத் திருகி, நாலு படம் எடுங்க. மாதத்துக்கு ஒருமுறை, ஓட்டையை முழுசாகத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்க. தூசி இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கும். கிளை விடும் இழை, நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளி, பனி மூட்டம் தெரிந்தால் அதுதான்.

ஆறாவது, பூஞ்சை கண்டுவிட்டால். அந்த லென்ஸைத் தனியாக வையுங்க. ஆனால் தனியாக வைத்ததால் மற்றவை தப்பித்துவிட்டன என்று நினைக்காதீங்க, அதன் விதைத்தூள் நாம் மூச்சு விடும் காற்றிலேயே இருக்கு. ஈரத்தைக் குறைப்பது ஒன்றுதான் காவல். வெளிக் கண்ணாடியில் மட்டும் இருந்தால் லென்ஸ் திரவம் கொண்டு துடைத்துவிடலாம். உள்ளே இருந்தால் யூடியூப் பார்த்துத் திறக்காதீங்க. கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் படம் கூர்மை போய்விடும். தெரிந்த ஆளிடம் சீக்கிரம் கொண்டு போங்க. இந்த மாதம் 180 வெள்ளிக்கு முடியும் வேலை, அடுத்த வருஷம் எவ்வளவு கொடுத்தாலும் முடியாமல் போகும்.

கைப்பேசியில் எடுக்கிறவங்க பயப்பட வேண்டாம். நாள் முழுக்கக் கையில், வெளிச்சத்தில் இருப்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் படம் மங்கலாக வந்தால் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான், துடைத்தால் போகும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நியூகினித் தீவுக் காடுகளில் ஆஸ்திரேலியப் படையின் தூரநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் இதே மாதிரி பூஞ்சை பிடித்துக் கண் தெரியாமல் போயின. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆட்கள் அதை ஆராய்ந்து, பாதரசம் கலந்த ஒரு பூஞ்சைக்கொல்லியைக் கருவிக்குள்ளேயே சேர்த்து மூடும் வழியைக் கண்டார்கள். அது விஷம், நம் வீட்டு வேலைக்கு ஆகாது. போர்க்களத்தில் அவ்வளவு பாடுபட்டார்கள், நமக்கு ஒரு டப்பாவும் கொஞ்சம் கவனமும் போதும்.

இனி கடைசி விஷயம். நாங்கள் கிளம்பும்போது அண்ணி இன்னொரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பிஸ்கட் டின். உள்ளே நம் ஆலயத்தின் முந்தைய கும்பாபிஷேக நெகட்டிவ்கள். கலசம் ஏற்றுவது, யாகசாலை, நம்மில் பலருடைய அப்பா அம்மா இளவயதில் மணல் சுமக்கும் படங்கள். ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோல் இதிலிருந்து எடுப்பது. பூஞ்சைக்கு அதைவிட ருசியான சாப்பாடு இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சில சுருள்களின் ஓரத்தில் புள்ளி விழ ஆரம்பித்திருக்கு. முக்கால்வாசி இன்னும் நல்லா இருக்கு.

இந்த முறை பூட்டி வைக்கல. ஒரு பக்தர் ஸ்கேனர் இரவல் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலப் பூசைக்குப் பிறகு ஆலய மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு சனிக்கிழமை முடிந்தது. அண்ணியும் வருகிறார். யார் யார் என்று அடையாளம் சொல்ல அவரைவிட்டால் எங்களுக்கு ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஆலயம் சம்பந்தப்பட்ட பழைய படம், நெகட்டிவ் இருந்தால் கொண்டு வாங்க. பதிவு செய்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். பூஞ்சை பிடித்த நெகட்டிவை ஈரத்துணியால் துடைக்காதீங்க, தண்ணீரில் கழுவாதீங்க. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து படமே வழிந்து போய்விடும். அப்படியே கொண்டு வாங்க. லென்ஸ் இருந்தாலும் கொண்டு வாங்க, டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறோம். முகம் அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்களையும் கூட்டிட்டு வாங்க. காப்பி, சுண்டல் உண்டு.

அந்த ஒளிவட்டப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. கீழே உண்மையை எழுதியிருக்கிறோம். அண்ணி வீட்டு ஹாலிலும் அது அப்படியேதான் இருக்கு. கழட்டட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? உள்ள இருக்கறது முருகன்தானே. நீங்க அடுத்த வருஷம் நல்லா எடுத்துக் குடுங்க, பக்கத்துல மாட்டிக்கிறேன்" என்றார்.

பக்தர்கள் எல்லாரிடமும், முக்கியமாக அண்ணியிடமும் பிள்ளைகளிடமும், மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அண்ணனின் 50 மிமீ லென்ஸ் இப்போது அவருடைய டப்பாவிலேயே இருக்கு. மானி இன்று காலை 46 காட்டியது. வரும் வெள்ளிக்கிழமை அலங்காரத்தை அதில்தான் எடுக்கப் போகிறோம்.

முருகா சரணம்.
ஆலயப் படத் தொண்டர்கள்